ஓ.கே. சொன்ன பிறகு சம்பளம் கேட்கலாமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"அழுத பிள்ளைக்குத்தான் பால்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், "பால் வேண்டாம், வயிறு நிறைஞ்சு போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கழித்து அழுகிற பிள்ளையை என்ன செய்வது? அந்தப் பிள்ளை வேறு யாருமில்லை, அடியேன்தான்!

இந்த வருஷம் ஜனவரியில் நம் கல்லூரிக்கு ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தது. ஒரகடம் பக்கம் தொழிற்சாலை. ஏழு பேர் தேர்வானோம். கடைசியாக எச்.ஆர். அதிகாரி என்னைப் பார்த்து, "மாசம் ட்வென்ட்டி தவுசண்ட், ஓ.கே.வா தம்பி?" என்றார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் நான் "ஓ.கே. சார், தேங்க் யூ சார்" என்று சொல்லி எழுந்தே நின்றுவிட்டேன். மூன்றாம் நாள் ஆஃபர் லெட்டர் ஈ-மெயிலில் வந்தது. 48 மணி நேரத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நான் 48 நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் எங்கள் தெரு முழுக்க "எம் மவனுக்கு இருபதாயிரம் சம்பளம்" என்று அம்மா சொல்லி முடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அதே கம்பெனியில் வேலை பார்க்கும் நம் கல்லூரி சீனியர் அண்ணன் ஒருவரிடம் போனில் பேசினேன். அவர் சொன்னது ஒரே வரி: "டேய், கையில பதினாலரைதான்டா வரும்."

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சரி என்று சொல்லியாகிவிட்டது. இனிமேல் வாயைத் திறக்கலாமா? திறந்தால் வேலையே போய்விடுமா? கேட்பது சொன்ன சொல் தவறுவதாகுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் அடுத்த சில நாட்களில் நான் தெரிந்துகொண்ட பதில்களை, அடுத்து இன்டர்வியூ அறைக்குள் போகப்போகும் தம்பி தங்கைகளுக்காக இந்த மலரில் எழுதுகிறேன்.

இருபதாயிரம் எப்படிப் பதினாலாயிரம் ஆனது?

முதலில் பயந்துகொண்டே பிளேஸ்மெண்ட் ஆபீஸர் சாரிடம் போனேன். "ஆஃபர் லெட்டர்ல ரெண்டாவது பக்கம் இருக்கே, படிச்சியா?" என்றார். நான் தலையைக் குனிந்தேன். "கையெழுத்துப் போட்டப்புறம்தான் எல்லாரும் படிக்க ஆரம்பிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு, என்னையே கணக்குப் போட வைத்தார். இதோ அந்தக் கணக்கு, மாதத்துக்கு:

பேசிக், டி.ஏ. சேர்த்து – ரூ.10,000
வீட்டு வாடகைப்படி, பயணப்படி – ரூ.6,935
கம்பெனி கட்டும் பி.எஃப். (10,000-இல் 12 சதவீதம்) – ரூ.1,200
கம்பெனி கட்டும் இ.எஸ்.ஐ. (3.25 சதவீதம்) – ரூ.551
போனஸ் (8.33 சதவீதம்) – ரூ.833
பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி (4.81 சதவீதம்) – ரூ.481
மொத்தம் – ரூ.20,000

இதற்குப் பெயர்தான் சி.டி.சி. நமக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. நம் கைக்கு வரும் சம்பளம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இதில் முதல் இரண்டு வரிகள்தான் மாதச் சம்பளம், ரூ.16,935. அதிலிருந்து நம் பங்கு பி.எஃப். ரூ.1,200, நம் பங்கு இ.எஸ்.ஐ. (0.75 சதவீதம்) ரூ.128 பிடித்தம். மீதி ரூ.15,607. கேண்டீனுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ரூ.1,000 பிடித்தால் கையில் நிற்பது ரூ.14,607. அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரி தனி.

இது மோசடி என்று நான் சொல்லவில்லை நண்பர்களே. பி.எஃப். பணம் நம் பெயரில்தான் சேருகிறது. இ.எஸ்.ஐ. இருந்தால் நமக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி உண்டு. போனஸ் வருஷத்துக்கு ஒரு தடவை வரும். பணிக்கொடை மட்டும் பொதுவாக ஐந்து வருஷம் வேலை பார்த்தவருக்கே கிடைக்கும். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேருபவருக்கு ஒரு வருஷத்திலேயே அந்த உரிமை வருகிறது. ஆகவே பணம் காணாமல் போகவில்லை. மாதா மாதம் வாடகை கொடுக்க அது உதவாது, அவ்வளவுதான். இதைக் கேட்காமல் தலையாட்டியது என் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் எல்லா ஒப்பந்தங்களுக்கும் அடிப்படை 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். சார் எனக்கு விளக்கிய நான்கு பிரிவுகளை உங்களுக்கும் சொல்கிறேன். பயப்படாதீர்கள், நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸை விட இது எளிது!

பிரிவு 5: சம்மதம் சொன்னவர், அந்தச் சம்மதம் எதிராளிக்குப் போய்ச் சேருவதற்குள் அதைத் திரும்பப் பெறலாம். சேர்ந்த பிறகு முடியாது. தபால் காலத்தில் சம்மதக் கடிதத்தைப் போட்டவர், அது போய்ச் சேருமுன் தந்தி அடித்து "வேண்டாம்" என்று சொல்ல வழி இருந்தது. நம் ஈ-மெயில் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. யோசிக்க நேரம் கிடையாது.

பிரிவு 7: சம்மதம் நிபந்தனை இல்லாமல் முழுமையாக இருக்க வேண்டும். "சரி சார், ஆனா ரெண்டாயிரம் கூடப் போட்டாத்தான்" என்பது சம்மதம் ஆகாது. அது நம் பக்கத்திலிருந்து போகும் புது முன்மொழிவு. அப்படிச் சொன்னால் அவர்களுடைய பழைய ஆஃபர் அதோடு போயிற்று என்று கம்பெனி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் "பிடித்தம் போக எவ்வளவு சார் வரும்?" என்பது வெறும் கேள்வி. கேள்வி கேட்பதால் ஆஃபர் செத்துப்போகாது. ஆகவே சம்மதம் சொல்வதற்கு முன்பு தாராளமாகக் கேளுங்கள்.

பிரிவு 62: ஏற்பட்ட ஒப்பந்தத்தை இரு தரப்பும் சம்மதித்தால் மாற்றிக்கொள்ளலாம். இதுதான் என்னைப் போன்றவர்களுக்கு இருக்கும் ஒரே வாசல். மாற்றச் சொல்லிக் கேட்பது குற்றமில்லை. கேட்டதால் மட்டும் பழைய ஒப்பந்தம் உடைந்துவிடாது. ஆனால் அவர்கள் "முடியாது" என்றால் முடியாதுதான். நம் கையில் இருப்பது வேண்டுகோள், உரிமை அல்ல.

பிரிவு 39: ஒருவர் தன் வாக்கை முழுவதுமாக நிறைவேற்ற மறுத்தால், எதிராளி அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அதாவது "ஏத்திக் கொடுத்தாத்தான் வருவேன்" என்று நாம் எழுதிய நிமிஷமே, "வர வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை நாமே அவர்கள் கையில் கொடுக்கிறோம்.

ஆக, "வருகிறேன், இதைக் கொஞ்சம் பரிசீலியுங்கள்" என்பது ஒரு வாக்கியம். "பரிசீலித்தால்தான் வருவேன்" என்பது இன்னொரு வாக்கியம். முதல் வாக்கியத்தில் நம் சொல்லும் நிற்கிறது, வேலையும் நிற்கிறது. இரண்டாவதில் இரண்டும் ஆடிப்போகிறது. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

இன்னொரு சங்கதி. பத்தாவது முடித்து நேராக டிப்ளமோ வந்த நம்மில் பலருக்கு ஐந்தாவது செமஸ்டரில் 17 வயதுதான். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லேயே முடிவான விஷயம். இதை வைத்து "என் கையெழுத்து செல்லாது, சம்பளத்தை ஏத்து" என்று யாரும் வாதாடப் போய்விடாதீர்கள். செல்லாது என்றால் கம்பெனிக்கும் உங்களுக்கு வேலை கொடுக்கும் கடமை இல்லை என்றுதானே அர்த்தம்?

போன வருஷம் நடந்த கதை

இரண்டாவது வாக்கியத்தை எழுதியவர் ஒருவர் நமக்கு முந்தைய பேட்சிலேயே இருந்தார். ஒரு கம்பெனியில் சம்மதம் சொன்ன பிறகு, வேறொரு கம்பெனிக்காரர் போனில் 23,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார். உடனே அண்ணன் முதல் கம்பெனிக்கு, "எனக்கு வேறு இடத்தில் அதிகம் கிடைக்கிறது, அதே அளவு தந்தால் மட்டுமே சேர முடியும்" என்று எழுதினார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "உங்கள் முடிவை ஏற்கிறோம், வாழ்த்துக்கள்." அந்த 23,000 கம்பெனியோ கடைசி வரை லெட்டரே தரவில்லை. போனில் பேசிய பேச்சு காற்றோடு போச்சு! இரண்டு கைகளிலும் இருந்ததை விட்டுவிட்டு நாலு மாதம் வீட்டில் இருந்தார். "ஒரு மாணவருக்கு ஒரு வேலை" என்ற கல்லூரி விதியால் மறுபடி கேம்பஸில் உட்காரவும் முடியவில்லை.

வேறு ஆஃபர் வந்தால் அதைச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுத்தில் கைக்கு வந்திருக்க வேண்டும், சொல்லும்போது மிரட்டலாக இருக்கக்கூடாது. எழுத்தில் வராத ஆஃபரை நம்பி வாயை விடாதீர்கள்.

எது காரணம், எது காரணமில்லை?

சம்மதம் சொன்ன பிறகு கேட்பவரிடம் எச்.ஆர். மனதில் எழும் முதல் கேள்வி, "இது அன்னிக்கே தெரியாதா?" என்பதுதான். அதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

நியாயமான காரணங்கள்: அன்று சொல்லப்படாத பிடித்தம் இப்போது தெரிய வந்தது, ஆஃபரில் இருந்த ஊர் மாறியது, தரக்கட்டுப்பாடு என்று சொல்லிவிட்டு இரவு ஷிப்ட் பராமரிப்பில் போட்டார்கள், தங்குமிடம் உண்டு என்று சொன்னது லெட்டரில் இல்லை. இவை எல்லாம் சம்மதத்துக்குப் பிறகு தெரிந்தவை அல்லது மாறியவை.

எடுபடாத காரணங்கள்: "என் ஃபிரெண்டுக்கு அதிகம் கிடைச்சிருக்கு", "வீட்டில் கடன் இருக்கு", "இப்ப யோசிச்சா குறைவா தோணுது". நம் கஷ்டம் நிஜம்தான். அப்பா வாங்கிய கடன் எனக்குத் தெரியாதா? ஆனால் அது ஓ.கே. சொன்ன அன்றைக்கும் இருந்ததே!

நாங்கள் எப்படிக் கேட்டோம்?

நான் தனியாகவே மெயில் அனுப்பத் தயாராகிவிட்டேன். சார்தான் தடுத்தார். "ஏழு பேருக்கும் ஒரே கிரேடுடா. உனக்கு மட்டும் ஆயிரம் ஏத்தினா மத்த ஆறு பேருக்கு அவங்க என்ன பதில் சொல்வாங்க? ஒருத்தன் கேட்டா 'இவன் சரியில்ல'ன்னு தோணும். ஏழு பேரும் மரியாதையா கேட்டா, நாமதான் சரியாச் சொல்லலையோன்னு தோணும்." அன்று மாலை ஏழு பேரும் நம் மாணவர் பேரவை அறையில் உட்கார்ந்தோம். இரண்டு பேர் பயந்தார்கள். "இருக்கிறதும் போயிடும்டா" என்று ஒருவன் கை கூப்பினான். அவன் வீட்டில் அவன்தான் முதல் சம்பளக்காரன். அவனுக்காகவே கடிதத்தின் முதல் வரியை "நாங்கள் எல்லோரும் ஜூன் மாதம் சேருவது உறுதி" என்று எழுதினோம். அதைப் படித்த பிறகுதான் அவன் சம்மதித்தான்.

ஆங்கிலத்தில் அனுப்பிய அந்தக் கடிதத்தின் சாரம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. நாங்கள் எல்லோரும் ஜூன் மாதம் சேருவது உறுதி. நேர்காணலில் கூறப்பட்ட ரூ.20,000 என்பதை மாதச் சம்பளம் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். பிடித்தங்கள் போக ரூ.14,607 வரும் என்று இப்போது அறிகிறோம். முன்பே கேட்டுத் தெளியாதது எங்கள் குறை. வெளியூரிலிருந்து வரும் எங்களுக்கு முதல் சம்பளத்துக்கு முன் அறை முன்பணம் கட்டுவது கடினம். ஆகவே (1) படிகளில் ரூ.1,500 உயர்த்த இயலுமா, (2) இயலாவிட்டால் முதல் இரண்டு மாதம் கம்பெனி விடுதியில் இடம் தர இயலுமா, (3) ஒரு வருடத்துக்குப் பிறகு என்றுள்ள சம்பள மறுஆய்வை ஆறு மாதத்தில் வைக்க இயலுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறோம்."

இதில் கவனியுங்கள்: நன்றி முதலில், உறுதி இரண்டாவது, காரணம் மூன்றாவது, தொகை நான்காவது. "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்" என்று எழுதவில்லை. எவ்வளவு என்று எண்ணில் எழுதினோம். அவர்களால் சம்பளத்தை ஏற்ற முடியாவிட்டாலும் வேறு எதையாவது தர வழி வைத்தோம். எச்.ஆர். அதிகாரிக்கும் மேலே ஒரு அதிகாரி உண்டு. கிரேடை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், விடுதி அறையை ஒதுக்க அதிகாரம் இருக்கலாம்.

ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் என்னைப் பார்த்த ஆறு பேர் பார்வையை நான் மறக்கமாட்டேன்! பத்தாவது நாள் மெயில் வந்தது. சம்பள உயர்வு கிடையாது. இந்த பேட்ச் முழுவதற்கும் ஒரே கிரேடு. விடுதி இரண்டு மாதம் இலவசம். மறுஆய்வு ஆறு மாதத்தில், வேலைத் திறனைப் பொறுத்து. சீனியர் அண்ணன் அறைக்குத் தன் பங்காக மாதம் 2,500 தருகிறார். அந்தக் கணக்கில் எங்கள் ஒவ்வொருவருக்கும் 5,000 மிச்சம், முன்பணக் கவலையும் இல்லை. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

ஒருவேளை மூன்றுக்கும் "முடியாது" என்று வந்திருந்தால்? நன்றி சொல்லிவிட்டு ஜூனில் சேர்ந்திருப்போம். அப்படிச் சேர மனமில்லாதவர் இந்தக் கடிதத்தை எழுதவே கூடாது. கேட்பதும் ஒரே ஒரு தடவைதான். "முடியாது" என்று வந்த பிறகு மறுபடி மறுபடி நச்சரித்தால், வேலையில் சேருமுன்பே நம் பெயர் கெட்டுவிடும்.

ஓ.கே. சொல்லும் முன் கேட்க வேண்டியவை

என்னைப் போலப் பின்னால் ஓடாமல் இருக்க, தம்பி தங்கைகள் இதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. "சொன்ன தொகை சி.டி.சி.யா, மாதச் சம்பளமா? பிடித்தம் போகக் கையில் எவ்வளவு?"

2. "வேலைக்கு எடுக்கிறீர்களா, அப்ரண்டிஸாகவா?" இரண்டும் வேறு. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி சேருபவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. டிப்ளமோ படித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 8,000 என்று 2019-இல் விதி திருத்தினார்கள். நீங்கள் சேரும் நாளில் என்ன தொகை என்று சென்னை தரமணியில் உள்ள தென் மண்டலத் தொழிற்பயிற்சி வாரியத்தில் விசாரியுங்கள்.

3. "ஓ.டி. உண்டா, என்ன கணக்கு?" மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது தொழிற்சாலைகளுக்குச் சட்டம் வைத்துள்ள விதி.

4. "பாண்டு உண்டா? எத்தனை வருஷம், எவ்வளவு தொகை?" பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

5. "லெட்டரைப் படித்துவிட்டு நாளைக்குச் சொல்லலாமா சார்?" இந்த ஒரு கேள்வி போதும், மற்ற நாலும் தானாக வந்துவிடும். ஒரு நாள் அவகாசம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

முடிவாக ஒரு வார்த்தை. கணக்குப் போட்ட அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்: "இருபதாயிரம் இல்லம்மா, பதினாலாயிரத்து அறுநூறு." அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதுக்கென்ன, நல்லாவே இருக்கும். நான் காய் வாங்கினாக்கூட மீதிச் சில்லறைய எண்ணிப் பாத்துட்டுத்தான் நகருவேன். நீ மூணு வருஷம் படிச்சுட்டு எண்ணாம வந்திருக்கியே" என்றார்கள்.

நண்பர்களே, எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். எண்ணாமல் ஆட்டிவிட்டால், தலையை நிமிர்த்தி ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள். கொடுத்த வாக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்த வருஷம் அதே கம்பெனி நம் கல்லூரி வாசலுக்கு வரும். அப்போது அந்த நாற்காலியில் உட்காரப்போவது நீங்கள்!

அனைவருக்கும் நல்ல வேலையும் நிறைவான சம்பளமும் கிடைக்க வாழ்த்துக்கள்!